மாப்பிள்ளை அழைப்புக்குப் போன டர்போ

ஒரு காரை அதன் பானெட்டைத் திறந்து பார்க்காமலே வாங்கியவன் நான். இதைச் சொல்லக் கூச்சப்படுவதற்கு மற்றவர்களைவிட எனக்குக் காரணம் அதிகம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாடு என் வேலை. அடுத்தவர்கள் கடைந்து அனுப்பும் உதிரி பாகங்களை அளந்து பார்த்து, முடி அகலம் பிசகினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புவேன். சின்னப் பட்டறை முதலாளிகள் என் மேஜைக்கு எதிரே நின்று கெஞ்சியிருக்கிறார்கள். "அளவுன்னா அளவுதாங்க" என்று சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வேன். அப்படித் துடைத்த கண்ணாடியோடுதான் அன்றைக்குப் பழைய கார் விற்கும் அந்த இடத்துக்குப் போனேன்.

கருநீல வண்டி. பத்து வயதைத் தாண்டியது. கடல் கடந்து வந்த கம்பெனி. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் அதை நல்ல சாலையும் குளிர்ந்த காற்றும் புத்தியுள்ள உரிமையாளரும் இருக்கும் ஊருக்காகச் செய்தார்கள். டர்போ எஞ்சின், பின்னால் இரட்டைப் புகைக்குழாய், மேலே திறக்கிற கண்ணாடிக் கூரை. "டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்றார் விற்பவர். சென்னையில் விற்பனைக்கு வரும் பழைய கார்கள் எல்லாமே டாக்டர்கள் ஓட்டியவை. அவர்கள் எப்போது நோயாளிகளைப் பார்த்தார்கள் என்பது தெரியவில்லை. சாவியைத் திருகி ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துக் காட்டினார். அந்தச் சத்தம் காதில் விழவில்லை. நேராக அடிவயிற்றில் இறங்கியது. நான் பின்பக்கம் போய் நின்று அந்த இரட்டைக் குழாயைப் பார்த்தேன். பிறகு முன்பணம் கொடுத்தேன். பானெட் இந்த இரண்டு செயல்களுக்கும் நடுவில் எங்கேயும் வரவில்லை.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். சங்கு ஊதினால் எல்லா அப்பாக்களும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி சைக்கிளில், ஒரே வேகத்தில் கேட்டை நோக்கிப் போவார்கள். யாரும் யாரையும் முந்தியதில்லை. முந்தினால் போய் என்ன செய்வது, கேட் திறக்க வேண்டுமே. வாழ்க்கையில் ஒரு தடவையாவது முந்த வேண்டும் என்று எனக்கு அங்கேதான் தோன்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் இதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

முந்தவும் செய்தேன். வெளிவட்டச் சாலையில் ஒரு ஞாயிறு காலையில் நூறைத் தொட்டு, ஒரு கணம் கண்ணில் நீர் வரச் சந்தோஷப்பட்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு மீன் லாரி ஹாரன் அடித்து என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் செலவு.

அந்த வண்டியை வாங்க ஆன செலவு ஒரு முறையோடு முடிந்துவிட்டது. வைத்திருக்க ஆகும் செலவுக்கு முடிவே கிடையாது. ஓட்டினால் பெட்ரோல் குடிக்கும். அதுவும் பங்கில் தனிக்குழாயில் வரும் உயர்ந்த ரகம். ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி இறங்கும். டயர், சக்கரத்தின் விளிம்பில் கறுப்புப் பூசியது போல அத்தனை மெல்லிசு. ஒரு பள்ளத்தில் விழுந்தால் டயரும் சக்கரமும் சேர்ந்தே போகும். பருத்திப்பட்டில் எங்கள் தெருவாசிகள் தங்கள் சொந்தச் செலவிலும் சொந்த அளவிலும் வேகத்தடைகள் கட்டியிருக்கிறார்கள். அவற்றை என் வண்டி குறுக்காக, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நண்டு மாதிரி ஏறித்தான் தாண்டும். அப்போதும் அடிவயிறு உரசும். அதனால் என் மனைவி ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் இறங்கி நடந்து, தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்வாள். கடைசியில் ஏறிக்கொள்வதை விட்டுவிட்டு, தன் ஸ்கூட்டரையே எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினாள். எனக்கு முன்பே போய்ச் சேர்ந்தும் விடுவாள்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் இருந்தார். என் வண்டியை என்னைவிட அதிகம் நேசித்தவர் அவர் ஒருவர்தான். என்னைக் கண்டதும் எழுந்து வருவார். என்னிடம் அல்ல, வண்டியிடம்.

"இன்னா அண்ணாத்தே, மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

"இது இன்னா வண்டி தெரியுமா? ராஜா வண்டி."

"ராஜா அடிக்கடி படுத்துக்கறாரே."

"ராஜான்னா படுப்பாரு. வேலக்காரனா படுக்க முடியும்?"

நோய் எப்போதும் ஒன்றுதான்: சூடு. எஞ்சினைக் குளிர வைக்கும் ரோஸ் நிறத் தண்ணீர் எங்கேயோ கசியும். வீட்டில் வண்டி நிற்கும் இடத்தில் காலையில் ரோஸ் நிறத்தில் ஒரு சின்னக் குட்டை, கூடவே பாகு காய்ச்சியது போல ஒரு தித்திப்பு வாசனை. மெக்கானிக் முதலில் ஒரு சென்சாரை மாற்றினார். பிறகு ஒரு குழாயை. பிறகு, காற்று புகுந்துவிட்டது என்று சொல்லி, காற்றை வெளியேற்றினார். ஒவ்வொரு தடவையும் பாகத்தைத் தூக்கிக் காட்டி, "இதான்" என்பார்.

"போன தடவையும் இதான்னு சொன்னீங்களே."

"அது போன தடவ இதான். இது இந்த தடவ இதான்."

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன், இவ்வளவு பிடித்திருக்கிறதே, நீங்களும் இதே மாதிரி ஒன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று. அவர் தன் பழைய மொபெட்டைத் திரும்பிப் பார்த்தார். "நான் மெக்கானிக்கு அண்ணாத்தே" என்றார்.

இந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. ஓடும்போது எதிர்க்காற்று முகத்தில் அடித்து எஞ்சின் குளிர்ந்துகொள்ளும். ஊர்ந்தால்தான் வியாதி. ஊர்வதைத் தவிர வேறெதுவும் நடக்காத ஊரில் நான் இருந்தேன். மெட்ரோவுக்காகத் தகரம் அடைத்த சாலையில், பாரிவாக்கம் சிக்னலில், சித்திரை மாத மத்தியானத்தில் முள் மேலே ஏறத் தொடங்கும். அதற்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரைப் போட வேண்டும். எஞ்சினின் சூட்டை உறிஞ்சி உள்ளே நம் மேல் ஊதும், முள் இறங்கும். சென்னையில் சித்திரை மாதத்தில் ஹீட்டர் போட்டு ஓட்டியவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. நானும் ஒருவன். பக்கத்தில் பைக்கில் நின்றவர் ஒருதரம் என் முகத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "ஏசி இல்லையா சார்?" என்றார்.

"இருக்கு" என்றேன்.

விற்றுத் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். வாங்க வந்தவர்கள் எல்லாரும் முதல் வேலையாக பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள்.

இப்படியே போயிருக்கும், என் தங்கை மகளுக்குக் கல்யாணம் வராமலிருந்தால்.

தங்கையின் கணவர் போய் வருடங்கள் ஆகிவிட்டன. தனியாக நின்று மகளை வளர்த்து, படிக்க வைத்து, ஒரு நல்ல இடத்தில் பேசி முடித்தாள். மாப்பிள்ளைப் பையன் தங்கம். அவன் அம்மாதான் கொஞ்சம் சகுனம் பார்க்கிறவர். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது; ஜெனரேட்டரும் இருமிவிட்டு அடங்கிப்போனது. இருட்டில் அந்த அம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "ஆரம்பமே இப்படி நின்னுபோகுதே." திட்டும் குரலில் அல்ல, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கணவனை இழந்த ஒருத்தி நடத்தும் கல்யாணத்தில் எது தடைபட்டாலும், யார் முகத்தைப் பார்த்துவிட்டுத் தடைபட்டது என்று நாலு பேர் யோசிப்பார்கள். அது என் தங்கைக்குத் தெரியும். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேண்டுதல்தான்: கல்யாணம் முடிகிற வரை எதுவும் நடுவில் நிற்கக் கூடாது.

அவள் வீட்டுக்கு வந்த அன்று மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் நாமதானே ஏற்பாடு பண்ணணும். மாப்பிள்ளை உன் வண்டியக் கேக்கறாராம். என் பொண்ணு போன்ல போட்டோ காட்டியிருக்கா. மேல திறக்குமாமே, அதுல நின்னுகிட்டு வரணுமாம்."

"அதுக்கென்ன, வரட்டும்."

தங்கை என் முகத்தையே பார்த்தாள். "நடுவுல நின்னுடாதே?"

"நிக்காது."

கத்தி நின்றது. மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். தங்கை செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகுதான் கேட்டாள்.

"நிக்காதுன்னு ஏன் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது?"

"நிக்கும்னு."

வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் எடுத்திருக்கலாம். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். மாப்பிள்ளையின் ஆசை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். எனக்கும் ஆசை. அந்த வண்டி வாங்கியதிலிருந்து அதைப் பார்த்து யாருமே ஆசைப்பட்டதில்லை. முதல் தடவையாக ஒருவன் கேட்டிருக்கிறான்; அவனிடம் போய் ரோஸ் நிறக் குட்டையைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைத் தன் வீட்டுக் கல்யாணமாகவே எடுத்துக்கொண்டார். புது வாட்டர் பம்ப் போட்டார். ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் மின்விசிறி பழுதாகியிருந்தது. அசல் விசிறி கப்பலில் வருவதற்குள் மாப்பிள்ளைக்கு மகனே பிறந்துவிடும் என்பதால், வேறொரு வண்டியின் விசிறியைப் பொருத்தினார். "சைஸு ஒண்ணுதான், வா சோதிச்சுப் பாக்கலாம்" என்று வெளிவட்டச் சாலைக்கு அழைத்துப் போனார். விரட்டினோம். முள் நடுவில் ஆணி அடித்தது போல நின்றது. அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். திரும்பி வந்து டீ குடித்தோம்.

ஒரு பாகம் எங்கே எப்படி உழைக்கப்போகிறதோ அங்கே அப்படி வைத்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும். இது என் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மாப்பிள்ளை அழைப்பு நடத்தும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே அன்று தோன்றவில்லை. இரண்டு கிறுக்கர்களுக்கு அந்த வண்டி வேகமாகப் போவதைப் பார்க்க ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆவணி மாதம். மழை வருவேன் என்று சொல்லிவிட்டு வராத ஒரு புழுக்கமான சாயங்காலம். பாரிவாக்கத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து பூந்தமல்லி போகும் வழியில் இருந்த மண்டபம் வரை ஊர்வலம். சும்மா நடந்தால் ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்கும் தூரம். மாப்பிள்ளை அழைப்பில் அது ஒரு யாத்திரை.

கோயில் வாசலில் பூ அலங்காரக்காரர் தன் வேலையை முடித்துவிட்டு நின்றார். மணமக்கள் பெயர் எழுதிய இதய வடிவத் தெர்மாகோல் பலகை ஒன்று, சுற்றிலும் செண்டுமல்லியும் ரோஜாவுமாக, வண்டியின் முன் வலையை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. காற்று உள்ளே போகிற ஒரே வழி அது.

"இத மேல பானெட்ல வெச்சுடலாமே" என்றேன்.

"முன்னாடிதான் இருக்கணும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மாப்பிள்ளையின் அம்மா. "நான்தான் வெக்கச் சொன்னேன். வர்றவங்க கண்ணுக்கு நேரா தெரியணும். ஏன், எதாவது பிரச்சனையா?"

பிரச்சனை என்ற வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் நிச்சயதார்த்த இருட்டு திரும்பி வந்தது. "ஒண்ணுமில்லைங்க, நல்லா இருக்கு" என்றேன்.

அவர் முன்னால் போய், வரிசைத் தட்டு ஏந்திய பெண்களோடு சேர்ந்துகொண்டார். அவர்களுக்கும் முன்னால் பேண்டு செட். அதற்கும் வண்டிக்கும் நடுவில் மாப்பிள்ளையின் நண்பர்கள், ஆடுவதற்காகவே பிறந்தவர்கள். மெக்கானிக்கும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நண்பர்களோடு அவரும் ஆடினார். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு என் பக்கத்தில் ஏறி, முன் இருக்கைகளுக்கு நடுவில் காலை ஊன்றி, கூரை வழியாக மேலே எழுந்து நின்றான். அதன் பிறகு எனக்கு அவன் முழங்காலோடுதான் பேச்சு. என் மனைவி ஜன்னல் ஓரமாக நடந்து வந்தாள். பட்டுப்புடவையில் இருந்தாள், பார்வை மட்டும் வண்டியின் மேலேயே இருந்தது.

தங்கை எங்களோடு வரவில்லை. மண்டபத்தில் காத்திருந்தாள். ஆரத்தி எடுக்க வேறு இரண்டு பெண்களை நிறுத்திவிட்டு, தான் வாசல் தூணுக்குப் பின்னால் நிற்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். வேண்டாம், முன்னால் நில் என்று சொல்லிப் பார்த்தேன். "வண்டிய நீ ஒழுங்கா கொண்டு வா, அது போதும்" என்றாள்.

ஒரு பாட்டுக்கு ஒரு அடி. அதுதான் ஊர்வலத்தின் வேகம். ஒவ்வொரு முனையிலும் பேண்டு நின்று வாசிக்கும். நண்பர்கள் சாலையில் படுத்தே ஆடுவார்கள். யாராவது பேண்டுக்காரர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். மறுபடி ஒரு அடி. பின்னால் பஸ்கள் கதறின. மேலே நின்ற மாப்பிள்ளை கையை ஆட்டிக்கொண்டே வந்தான். கீழே முள் நகரத் தொடங்கியது.

ஏசியை அணைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஹீட்டரைப் போட்டேன். மாப்பிள்ளையின் பேண்ட்டுக்குள் அனல் ஏறியிருக்க வேண்டும். முழங்கால் இரண்டும் இடம் மாறி மாறி நின்றன. மேலேயிருந்து குனிந்து, "மாமா, கீழ ரொம்ப சூடா வருதே" என்றான்.

"டர்போ மாப்பிள்ள. பவர் வண்டின்னா அப்படித்தான்."

"ஓ" என்று மரியாதையோடு நிமிர்ந்துகொண்டான்.

பாதிக்கு மேல் வந்துவிட்டோம். மண்டபத்தின் வாழை மரமும் வரவேற்பு வளைவின் விளக்குகளும் கண்ணுக்குத் தெரிந்தன. அப்போது முள் போய்ச் சிவப்பில் முட்டியது. டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. ஒரு மணி 'டிங்' என்றது. அந்த மணியின் பொருள் எனக்குத் தெரியும்: வண்டியை உடனே நிறுத்து, இல்லையென்றால் நானே நின்றுகொள்வேன்.

எஞ்சின் போனால் போகட்டும் என்று ஓட்டியிருக்கலாம். பார்க்கத் தியாகம் போல இருக்கும். ஆனால் இந்த எஞ்சின் செத்தால் அடுத்த அடியிலேயே செத்து நிற்கும். தியாகத்துக்குக்கூட லாயக்கில்லாத வண்டி. கொஞ்சம் சரிவாக இருந்த அந்த இடத்தில், உருண்டுகொண்டிருக்கும்போதே கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு எஞ்சினை அணைத்தேன். பேண்டு சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. வண்டி தன் பாட்டுக்கு நகர்ந்தது. இன்னும் ஒரு பாட்டின் பாதி வரைக்கும் நகரும். அதற்கப்புறம் நிற்கும். மாப்பிள்ளையின் அம்மா பார்க்க, நடுச் சாலையில், தூணுக்குப் பின்னால் நிற்கிறவள் கண்ணுக்கு நேராக.

ஜன்னல் பக்கம் திரும்பினேன். மனைவி ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டியின் ஓசை அடங்கும் கணத்தை, எத்தனை பேண்டு முழங்கினாலும், அவளால் கண்டுபிடிக்க முடியும். அவ்வளவு தடவை கேட்டிருக்கிறாள்.

"அணைச்சிட்டீங்களா?"

தலையாட்டினேன்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் ஆடிக்கொண்டிருந்த பையன்களிடம் போய், தான் டீச்சராக இருக்கும் பள்ளியில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கும் அதே குரலில் சொன்னாள்:

"தம்பிங்களா! வீடியோக்காரர் ஒரு ஷாட் கேக்கறார். ஃபிரெண்ட்ஸ் எல்லாம் பின்னாடி வந்து வண்டில கைய வெச்சு, தள்ளிகிட்டே ஆடணுமாம். மாப்பிள்ளைய நீங்களே மண்டபத்துக்குக் கொண்டுபோய் விடற மாதிரி. செமயா இருக்குமாம்."

வீடியோக்காரர் அப்போது எங்கேயோ முன்னால் பேண்டு வாசிப்பவரின் கன்னத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் வீடியோவில் வரும் என்றால் நம் பையன்கள் மலையையே தள்ளுவார்கள்.

"மாமே, வா மாமே! தள்ளு மாமே!"

கூட்டமாகப் பின்னால் ஓடினார்கள். நிற்கப்போன வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, முன்னைவிட வேகமாக நகர்ந்தது. மெக்கானிக்குக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. ஆட்டத்தை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"அண்ணாத்தே, இன்னா, உசுரு கீதா?"

"அணைச்சிட்டேன்."

"எஞ்சின் இல்லாம ஸ்டேரிங்கு கல்லு மாரி இருக்கும், கெட்டியா புடிச்சிக்கோ. பிரேக்கத் தொடாத, அப்பால புடிக்காது." திரும்பிப் பின்பக்கம் ஓடினார். கூட்டத்துக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது: "நைனா, ஆடிகினே தள்ளு! தள்ளிகினே ஆடு! உட்றாத!"

வளைவை நெருங்கும்போது பூக்களுக்கு இடையிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. தித்திப்பாக மணந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்து நின்றுவிட்டார். என் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது.

"புகை மிஷினெல்லாம் வெச்சிருக்காங்களா!" என்றார் பக்கத்திலிருந்த பெண்ணிடம். "பரவால்லையே. வாசனை கூட வருதே."

மண்டப வாசலில் பேண்டு நின்றது. அந்த அமைதியில் எஞ்சின் சத்தம் துளியும் இல்லாமல், தரையில் செருப்புகள் தேயும் ஓசையோடு மட்டும் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். இனி நிற்க வேண்டும். இரண்டு காலாலும் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன்; அது சுவர் மாதிரி இருந்தது. பின்னால் பையன்கள் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கை பிரேக்கைப் பிடித்து முழு உடம்பாலும் இழுத்தேன். மாப்பிள்ளையின் முழங்கால் என் காதில் இடித்தது. ஆரத்தித் தட்டுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

நிற்க வேண்டிய இடத்தில் அந்த வண்டி நின்றது அதுதான் முதல் தடவை.

கூட்டம் உள்ளே போன பிறகு தங்கை தூணுக்குப் பின்னாலிருந்து வந்தாள். சாயங்காலம் முழுக்க ஒரே இடத்தில் நின்றிருக்கிறாள் என்பது அவள் நடையில் தெரிந்தது.

"எங்கயாவது நின்னுதாண்ணா?"

"இல்லம்மா. ஒரு இடத்துலயும் நிக்கல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவோ பொய் சொன்ன வண்டியின் சார்பில் நான் சொன்ன ஒரே உண்மை அது. என் மனைவி அப்பால் நின்று உள்ளங்கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் தள்ளியிருக்கிறாள். பட்டுப்புடவையின் முன்பக்கம் முழுக்க டிக்கியின் தூசி.

"வீட்டுக்கு ஆட்டோவுல போயிடலாம்" என்றாள்.

மறுநாள் காலை முகூர்த்தம் எந்தத் தடையும் இல்லாமல் நடந்தது. கரண்ட் போகவில்லை. முதல் பந்தியில் சாப்பிட்ட கையோடு மெக்கானிக் மண்டபத்தின் பின்னால் வண்டியைப் பார்க்கப் போனார். வேப்பமரத்தடியில், வாடிய செண்டுமல்லியோடு, தனக்குக் கீழே ஒரு ரோஸ் நிறக் குட்டையோடு அது நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து என் காதோரம் குனிந்தார். "சூட்டுல எஞ்சின் ஹெட்டு வளைஞ்சிருக்கும்னு நெனைக்கறேன். இதான்" என்றார். அதைச் சரி செய்ய என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. பாயசம் வந்தது.

அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நான் எழுந்து நின்றேன். எதைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று அடிவயிற்றில், முன்பு அந்த எஞ்சின் சத்தம் இறங்கிய அதே இடத்தில், ஒரு பயம் இறங்கியது. தங்கை சற்றுத் தள்ளி, தாம்பூலப் பைகளை நிரப்புவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள்.

அந்த அம்மா சிரித்தார். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

"சொல்லணும்னு இருந்தேண்ணா. நேத்து ஊர்வலம் எங்கயுமே தடங்கல் இல்லாம, அவ்ளோ நிறைவா இருந்துச்சு. வண்டின்னா அது வண்டி. வாசல்ல வந்து நிக்கும்போது கவனிச்சேன், ஒரு பொட்டு சத்தம் இல்ல. கரண்டு வண்டிதானே அது? குடுத்து வெச்சவர்ண்ணா நீங்க. செலவே இருக்காது."